சீட்டித்துணியும் செம்புச் சட்டியும்: பிரான்ஸில் வீட்டுச் சாமான் தேடி

ஏப்ரல் 26, சனி. பாரிஸ், வான்வ் சந்தை

காலை எட்டு மணிக்கு முன்பே போர்ட் து வான்வ் நடைபாதை நிரம்பியிருந்தது. மரத்தடியில் மடக்கு மேசைகள். மேசை போதாதவர்களுக்குத் தரையில் போர்வை. வெள்ளிக் கரண்டி, எனாமல் கூஜா, பிடி கழன்ற காபி அரைவை, எப்போதோ இறந்துபோன யாரோ ஒருவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு. பாரிஸில் படிக்கும் அக்கா மகள்தான் எனக்கு வழித்துணையும் மொழித்துணையும். "சித்தி, முதல்ல போன்ழூர் சொல்லுங்க. சொல்லாம பொருளைத் தொட்டா முகம் கொடுக்க மாட்டாங்க" என்று மெட்ரோவிலேயே சொல்லி வைத்தாள். அதைக் கண்ணாலும் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்றவர் எடுத்த எடுப்பில் விலை கேட்டார். கடைக்காரர் நிதானமாக "போன்ழூர், மெஸ்யே" என்றார். அவர் பதிலுக்கு வணக்கம் சொன்ன பிறகுதான் விலை வெளியே வந்தது.

இந்தச் சந்தை குப்பையில் பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டு பாரிஸில் வீட்டுக் கழிவைத் தெருவிலேயே கொட்டுவார்கள். கந்தல் பொறுக்குகிறவர்கள் இரவில் விளக்கும் கொக்கியுமாக வந்து அதைக் கிளறி, எலும்பு, துணி, உலோகம், பாத்திரம் என்று பிரித்து விற்றுப் பிழைத்தார்கள். 1883 நவம்பரில் எழேன் புபெல் என்ற நிர்வாக அதிகாரி, கட்டடந்தோறும் மூடி போட்ட தொட்டி வைத்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஊர் சுத்தமானது, பொறுக்கிப் பிழைத்தவர்கள் வயிற்றில் அடி விழுந்தது. நகர மதிலுக்கு வெளியே ஒதுங்கிய அந்தக் கூட்டம் வான்வ், மோந்த்ரேய், சேந்த்-உவான் வாசல்களில் விரித்த கடைகளின் வாரிசுகள்தான் இன்றைய பழம்பொருள் சந்தைகள். அந்த அதிகாரியின் பெயர் இன்றும் பிரெஞ்சுக் குப்பைத் தொட்டிக்கு இருக்கிறது. பொறுக்கியவர்களில் ஒருவருடைய பெயரும் எங்கேயும் கண்ணில் படவில்லை. நாள் முழுக்க இது என்னை உறுத்தியது.

ஒரு மேசையில் எனாமல் டப்பாக்கள் பெரியதிலிருந்து சிறியதாக வரிசையில் நின்றன: மாவு, சர்க்கரை, காபி, சிக்கரி, தேயிலை, மிளகு. சிக்கரிக்குத் தனி டப்பா! 1806-ல் பிரிட்டனோடு வணிகத்தை நெப்போலியன் அடைத்தபோது கடல் தாண்டி வரும் காபிக்கொட்டை அரிதானது. வறுத்த சிக்கரி வேர் அந்த இடத்தைப் பிடித்தது. அடைப்பு நீங்கிய பிறகும் வடபிரான்ஸ்காரர்கள் அதை விடவில்லை. நம் வீட்டு டிகாக்‌ஷனில் நாம் விடாத அதே வேர்தான்.

அதே மேசையில் இரண்டடுக்குக் காபிப் பாத்திரம் ஒன்றும் இருந்தது. மேலடுக்கில் பொடி, அதன்மேல் வெந்நீர், சொட்டுச் சொட்டாகக் கீழே டிகாக்‌ஷன். 1800-ஐ ஒட்டிப் பாரிஸில் பரவிய இந்த முறையைப் பேராயர் து பெலுவாவின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். கும்பகோணம் பித்தளை ஃபில்டர் புழங்கிய கைக்கு விளக்கமே வேண்டாம். 25 யூரோ சொன்னார். அப்போது ஒரு யூரோ நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இருந்தது. அடியில் எனாமல் பெயர்ந்திருந்ததால் வாங்கவில்லை, கையில் வெகுநேரம் வைத்திருந்தேன்.

வாங்கியது டூராலெக்ஸ் கண்ணாடி டம்ளர். நான்கும் சேர்த்து 8 யூரோ. அதன் 'பிகார்தி' என்ற வடிவம் 1954-லிருந்து மாறவில்லை: பக்கங்களில் ஒன்பது பட்டை, வாய் விரிந்த அமைப்பு. கண்ணாடியை நன்றாகச் சூடாக்கிச் சட்டென்று காற்றால் குளிர்விப்பதால் வெளிப்புறம் இறுகிக்கொள்கிறது. கீழே விழுந்தால் தாங்கும், மீறி உடைந்தாலும் பெரிய சில்லாகக் குத்தாது. அடியில் அச்சின் எண் ஒன்று இருக்கும். பள்ளிச் சத்துணவு மேசையில் தண்ணீர் குடித்து முடித்ததும் பிள்ளைகள் அந்த எண்ணைப் பார்த்து, "எனக்கு வயசு 37, உனக்கு?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். மூன்று தலைமுறையாக ஓடும் விளையாட்டு. கடைக்காரர் பணத்தை வாங்குவதற்கு முன் ஒவ்வொரு டம்ளரையும் கவிழ்த்துத் தன் 'வயதை'ச் சொன்னார். ஓர்லேயான் பக்கத்தில் உள்ள அந்தத் தொழிற்சாலை 2024-ல் மூடும் நிலைக்கு வந்து, அங்கே வேலை செய்கிறவர்களே கூட்டுறவாக எடுத்து நடத்துகிறார்கள். டம்ளரைக் கையில் வாங்கும்போது அந்தச் செய்தி கூடுதல் சந்தோஷம் தந்தது.

துணி விற்ற பாட்டிதான் இன்றைய நாளின் பொக்கிஷம். மடித்து அடுக்கிய லினன் விரிப்புகள், ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலில் இரண்டு எழுத்தும் ஒரு எண்ணும். எழுத்து மணப்பெண்ணுடையது. கல்யாணத்துக்கு வருஷக்கணக்காக முன்பே பெண்பிள்ளைகள் தங்கள் சீர்த்துணியில் இப்படிக் குறுக்குத் தையலில் பெயரெழுத்துப் போடுவார்களாம். எண் எதற்கு? வரிசையாக எடுத்துப் புழங்கினால்தான் எல்லாத் துணியும் ஒரே அளவில் தேயும். வசதியான வீடுகளில் பெரிய சலவை வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான். தொட்டியில் துணியை அடுக்கி, மேலே மரச்சாம்பலைத் துணியில் கட்டி வைத்து, கொதிநீரை மறுபடி மறுபடி ஊற்றி, பிறகு ஆற்றங்கரைக்கோ ஊர்ச் சலவைத் துறைக்கோ கொண்டுபோய் முட்டி போட்டு அடித்து அலசுவது. அதனால்தான் டஜன் கணக்கில் விரிப்பு தேவைப்பட்டது. "என் பாட்டியின் முட்டியைத் தொட்டால் மரக்கட்டை மாதிரி இருக்கும்" என்றார். ஒரு கைத்துண்டு வாங்கினேன், 5 யூரோ.

மதியம் கடைக்காரர்கள் விற்பனை மேசையிலேயே இடம் ஒதுக்கிச் சாப்பாட்டை விரித்தார்கள். எங்களுக்கும் ரொட்டி நீட்டினார்கள். அக்கா மகள் மீதி ரொட்டியை மேசையில் வைத்தபோது அது குப்புற விழுந்தது. பக்கத்துப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அதை நிமிர்த்தி வைத்தார். கொலைத் தண்டனை நிறைவேற்றுகிறவனுக்கான ரொட்டியை வேறு யாரும் தொடாமலிருக்க ரொட்டிக்கடைக்காரர் கவிழ்த்து வைப்பாராம். அந்த நாளிலிருந்து கவிழ்ந்த ரொட்டி ஆகாது.

ஏப்ரல் 27, ஞாயிறு. ழூயி-ஆன்-ழோசாஸ்

வெர்சாய்க்குப் பக்கத்தில் பியேவ்ர் என்ற சிற்றாற்றின் கரையில் அமைதியான ஊர். வெள்ளைத் துணியில் ஒற்றைச் சிவப்பிலோ நீலத்திலோ ஆட்டிடையர், ஊஞ்சல், பாழ்மண்டபம் என்று காட்சி காட்சியாக அச்சடித்த துணியைப் பழைய பிரெஞ்சு வீட்டுப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கட்டில் திரை, சுவர், நாற்காலி, எல்லாம் அதே துணி. அது இந்த ஊர்ச் சரக்கு. 1760-ல் கிறிஸ்தோஃப்-ஃபிலிப் ஒபெர்காம்ப் என்ற ஜெர்மானிய இளைஞர் இங்கே அச்சுப் பட்டறை தொடங்கினார். ஆற்றுத் தண்ணீர் அலசுவதற்கு, கரைப் புல்வெளி துணியை வெயிலில் விரித்து வெளுப்பதற்கு. பின்னாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்த பட்டறை அது. 1806-ல் நெப்போலியன் நேரில் வந்து, தன் சட்டையில் இருந்த பதக்கத்தையே கழற்றி ஒபெர்காம்புக்குக் குத்தினாராம். 1843-ல் பட்டறை மூடப்பட்டது. இப்போது மாளிகை ஒன்றில் அருங்காட்சியகம் இருக்கிறது.

நான் வந்தது அதற்கும் முந்தைய கதைக்காக. அந்தக் கதை நம் கரையில் தொடங்குகிறது.

17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கப்பலேறிய சீட்டித்துணி பிரான்ஸைப் பித்துப் பிடிக்க வைத்தது. துவைத்தாலும் போகாத சிவப்பு அவர்கள் அதுவரை பருத்தியில் கண்டிராதது. பட்டு நெசவாளர்களும் கம்பளி நெசவாளர்களும் கூச்சல் போட, 1686-ல் அரசு தடை போட்டது. இறக்குமதி கூடாது, உள்நாட்டில் அச்சடிக்கக் கூடாது, பிறகு உடுத்தவும் கூடாது. நடுத்தெருவில் பெண்களின் பாவாடையை அதிகாரிகள் கிழித்ததாகப் பதிவுகள் உண்டு. கடத்தியவர்களைக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனைக்கு அனுப்பினார்கள். அரசவைப் பெண்கள் மட்டும் வீட்டுக்குள் அதே துணியில் உலவினார்கள். 1759 வரை இந்தத் தடை நீடித்தது.

தடையின் நடுவிலேயே ரகசியத்தைத் தேடும் வேலையும் நடந்தது. 1734-ல் பொலியே என்ற கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு சாயக்காரர் அருகில் இருந்து வேலை முழுவதையும் பார்த்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி, குறிப்போடு சேர்த்து பாரிஸுக்கு அனுப்பினார். அந்தக் கையெழுத்துப் பிரதி, துணித் துண்டுகளோடு, பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியக நூலகத்தில் இருக்கிறது. 1742-ல் கேர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார் இதே கரையிலிருந்து எழுதிய கடிதத்தில் இன்னும் விரிவாகச் சொன்னார்: துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து தோய்ப்பது, கறுப்புக்கு இரும்பு, சிவப்புக்குப் படிகாரம் தீட்டிச் சாயவேரில் கொதிக்கவைப்பது, நீலம் வேண்டாத இடத்தில் மெழுகு பூசி அவுரியில் முக்குவது. அவர் மதம் மாற்றிய சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. பாலில் உள்ள கொழுப்பு, தீட்டும் மை பரவாமல் பிடித்து நிறுத்தும். தலைமுறை தலைமுறையாகக் கை கண்டுபிடித்த வேதியியல். பிரான்ஸில் சாயவேருக்குப் பதில் மஞ்சிட்டிக்கு உறவான கராந்ஸ் வேரைப் போட்டார்கள். கையால் எழுதுவதற்குப் பதில் மர அச்சு, 1770 முதல் செப்புத் தகடு, பிறகு உருளை.

வரவேற்பில் இருந்த அம்மா நாங்கள் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் முகம் மலர்ந்து, "கோரமாந்தெல்!" என்றார். சோழமண்டலத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர். அவரே எழுந்து வந்து எங்களை ஒரு கண்ணாடிப் பேழைக்கு அழைத்துப் போனார். பூங்கொடி ஓடும் ஒரு பழைய இந்தியத் துணி. இருநூற்றைம்பது வருஷமாவது ஆகியிருக்கும். சிவப்பு அப்படியே இருக்கிறது. பொலியேவின் பெயர் தெரியும், கேர்தூவின் பெயர் தெரியும். அந்தச் சாயக்காரர் புதுச்சேரியில் எந்தத் தெருவில் இருந்தார், என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? பேழையை விட்டு நகர எனக்கு மனமே வரவில்லை. "சித்தி, மூடப்போறாங்க" என்று அவள்தான் கையைப் பிடித்து இழுத்தாள்.

வெளியே தூறல். ஞாயிற்றுக்கிழமை இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு உறவினர் வீட்டு மதிய விருந்துக்குப் போவது இங்கே இன்னும் உயிரோடு இருக்கும் பழக்கம். ரயிலில் எதிரே இருந்த குடும்பத்தின் மடியில், நாடா கட்டிய அட்டைப்பெட்டி சாயாமல் பயணம் செய்தது.

ஏப்ரல் 28, திங்கள். வீல்தியூ-லெ-புவால்

நார்மண்டியில் சின்ன ஊர். பாரிஸிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம், வழி முழுக்க ஆப்பிள் மரமும் பசுவும். இறங்கினால் ஊரே சாத்திக் கிடக்கிறது. திங்கட்கிழமை கடைகளுக்கு ஓய்வு நாள், மதியம் இரண்டுக்குப் பிறகு உணவகங்களில் அடுப்பு எரியாது. பசியோடு விடுதிக்கு வந்த எங்களைப் பார்த்து, வீட்டுக்கார அம்மா கேள்வியே கேட்காமல் முட்டை உடைத்து ஆம்லெட் போட்டார். அதன் பிறகு மண் கிண்ணத்தில் தெர்கூல்: அரிசி, பால், சர்க்கரை, பட்டை, அவ்வளவுதான். அடங்கும் சூட்டில் ஐந்தாறு மணி நேரம் விட்டு விடுவார்கள். மேலே பழுப்பு ஏடு, கீழே கெட்டியாக நம் பால் பாயசம். ரொட்டி சுட்டு முடித்த பிறகு ஆறிக்கொண்டிருக்கும் ஊர் அடுப்பில் ஒவ்வொரு வீட்டுக் கிண்ணமும் போகுமாம். 18-ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தின்போது நார்மண்டிக்கு வந்த அரிசியில் தொடங்கிய பண்டம் என்றார். அவருடைய கிண்ணத்தின் விளிம்பு ஒரு பக்கம் கறுத்திருந்தது. அவர் மாமியார் காலத்தது. தேய்த்துக் கழுவ விடமாட்டாராம்.

ஏப்ரல் 29, செவ்வாய். வீல்தியூ

ஊர்ப் பெயரிலேயே வாணலி இருக்கிறது; 'புவால்' என்றால் வாணலி. 12-ஆம் நூற்றாண்டில் மருத்துவப் பணி செய்த கிறிஸ்தவத் துறவி வீரர்களுக்குக் கிடைத்த ஊர் இது. அவர்கள் வரியைத் தளர்த்த, செம்பு வேலைக்காரர்கள் குடியேறினார்கள். பக்கத்தில் செம்புச் சுரங்கம் கிடையாது. வேலை மட்டும் வேர்விட்டது. குறுகிய சந்துக்குள் நுழைந்தால் நாலு பக்கமும் வீடு சூழ்ந்த முற்றம். அங்கேதான் பட்டறைகள். நார்மண்டிப் பால்காரி தோளில் சுமந்த குடம்கூட இங்கே அடித்ததுதான்.

இந்த ஊர்க்காரர்களைச் சுற்று வட்டாரத்தில் 'சூர்தேன்' என்பார்கள், செவிடர்கள். பிறந்ததிலிருந்து சாவுவரை சுத்தியல் சத்தம். நாளடைவில் காது போய்விடும். கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. ஊர்க்காரர்களோ அதைப் பெருமையாகவே சூடிக்கொள்கிறார்கள்.

சுத்தியலுக்குக் காரணம் இருக்கிறது. காய்ச்சிய செம்பு மெழுகாக வளையும். மேலெல்லாம் நெருக்கமாகத் தட்டத் தட்டத்தான் அது இறுகி, சட்டி நெளியாமல் நிற்கும். பட்டறையில் ஒருவர் தட்டிக் காட்டினார். காதில் பஞ்சு கொடுத்துத்தான் உள்ளே விட்டார்கள். ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் ஓரத்தைத் தொட்டு விழுந்தது. கண் மட்டும் பாத்திரத்தில் இல்லை, எங்களோடு பேசிக்கொண்டே அடித்தார்.

பிறகு ஈயம் பூசினார். நம் தெருக்களில் "ஈயம் பூசலையோ" என்று கூவிய குரலைக் கேட்டு வளர்ந்தவள் நான். அனலில் சட்டி, உள்ளே நவச்சாரம், குப்பென்று வெள்ளைப் புகை, உருகிய வெள்ளீயம், பஞ்சால் ஒரு சுற்றுத் துடைப்பு, கண் முன்னால் வெள்ளி போல உள்பக்கம். கையை எடுக்கும் வேகம்கூட அதேதான். புளிப்புள்ள சமையலில் செம்பு இறங்கி உடம்புக்குக் கெடுதல் ஆகாமல் தடுப்பதற்கு இந்தப் பூச்சு. ஜாம் காய்ச்சும் அண்டாவுக்கு மட்டும் பூசுவதில்லை. முட்டையின் வெள்ளைக்கரு அடிக்கும் செம்புக் கிண்ணத்துக்கும் பூசுவதில்லை. செம்பின் துளி நுரையைக் குலையாமல் பிடித்து வைக்கிறது. 1830-லிருந்து நடக்கும் மோவியேல் கம்பெனியின் சட்டிகள் கடையில் 200 யூரோவுக்கு மேல். அத்தனை உழைப்பைப் பார்த்த பிறகு விலை அதிகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வாங்கவும் முடியவில்லை.

பிற்பகல் மணி வார்ப்பகம். கொர்னீய்-ஆவார், 1865-ல் கட்டிய கூடம். அச்சு செய்யும் மண்ணில் குதிரைச் சாணமும் ஆட்டு மயிரும் கலந்து பிசைகிறார்கள். உலோகம் கொதித்து இறங்கும்போது கிளம்பும் வாயு வெளியேற அந்த நார்த்தன்மை வழி விடும். மணிக்கு 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். பாரிஸ் நோத்ர்-தாம் கோயிலின் வடக்குக் கோபுரத்துக்கு 2013-ல் வந்த எட்டு மணிகளும் இங்கே வார்த்தவை. 2019 தீ விபத்துக்குப் பிறகு செப்பனிடவும் இங்கேதான் வந்து திரும்பின. 2024 ஒலிம்பிக் மைதானத்தில் வெற்றி பெற்றவர்கள் அடித்த மணியும் இங்கே பிறந்து இப்போது நோத்ர்-தாமில் தொங்குகிறது. ஒவ்வொரு மணியின் மேலும் அதற்கு வைத்த பெயரும், வார்த்த கம்பெனியின் பெயரும். பிசைந்தவர் பெயர் இருக்குமா என்று கேட்டேன். வழிகாட்டிப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, அச்சின் உள்பக்கம் யாராவது கிறுக்கியிருக்கலாம், அது வார்த்ததும் உடைந்துவிடும் என்றாள்.

ஏப்ரல் 30, புதன். வழியில்

நார்மண்டியிலிருந்து ஓவெர்ஞ் மலைப்பக்கம் போக மறுபடி பாரிஸ் வந்து வண்டி மாற வேண்டும். இரண்டாவது ரயில் வயல்வெளியில் நின்றுவிட்டது. ஏப்ரலில் இப்படி வெயில் அடிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. குளிரூட்டி வேலை செய்யவில்லை. இரண்டரை மணி நேரம். தண்ணீர் தீர்ந்து, தலை வலித்து, குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

எதிர் இருக்கைப் பெரியவர் பையிலிருந்து ரொட்டி, உலர் இறைச்சி, பேரிக்காய் எடுத்தார். சட்டைப்பையிலிருந்து ஓபினெல் மடக்குக் கத்தி. 1890-ல் சவோய் மலைக்கிராமத்துக் கொல்லர் மகன் ழோசஃப் ஓபினெல் வடித்த உழவர் கத்தி: மரப்பிடி, ஓர் அலகு. 1955-ல் சேர்த்த இரும்பு வளையத்தைத் திருப்பினால் அலகு விரல்மேல் மடங்காது. அவர் வளையத்தைத் திருப்பும் 'டிக்' சத்தம் கேட்டதும் பெட்டியில் இருந்தவர்கள் தலை திருப்பினார்கள். கேட்காமலே எல்லாருக்கும் பேரிக்காய் துண்டு போட்டார். நாங்கள் கொண்டுவந்த முறுக்குப் பொட்டலம் சுற்றி வந்தது. ஒரு சிறுவன் மூன்று முறை கை நீட்டினான். கடைசியில் பெரியவர் அலகை ரொட்டித் துண்டில் இரண்டு பக்கமும் துடைத்து, அந்தத் துண்டையும் சாப்பிட்டு, கத்தியை மடக்கினார். தினமும் செய்யும் கைப்பழக்கம். கத்தி செய்யும் ஊரான தியேர் வந்து சேர இரவு பதினொன்று.

மே 1, வியாழன். தியேர்

உழைப்பாளர் தினம், அருங்காட்சியகம் மூடல், கடை மூடல், பேருந்தும் இல்லை. தெருமுனையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தண்ணீர் வாளியில் மியூகே பூங்கொத்துடன் நின்றாள். வெள்ளைச் சிறு மணிகள் தொங்கும் வாசனைப் பூ. இன்று ஒருநாள் மட்டும் யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று இதை விற்கலாம், உரிமம் கேட்க மாட்டார்கள். ஒரு தண்டு 2 யூரோ. பதின்மூன்று மணி உள்ள தண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நாங்கள் எண்ண, அவளும் குனிந்து கூடவே எண்ணினாள். பதினொன்று.

இந்தப் பூவின் கதையும் நேரானதில்லை. 1891 மே 1 அன்று வடக்கில் ஃபூர்மி என்ற ஆலை ஊரில் எட்டு மணி நேர வேலை கேட்டு வந்த கூட்டத்தின்மேல் ராணுவம் சுட்டது, ஒன்பது பேர் செத்தார்கள். தொழிலாளர்கள் நெஞ்சில் குத்திக்கொண்டது சிவப்புக் காட்டு ரோஜா. 1941-ல், நாஜி ஜெர்மனியோடு ஒத்துப்போன பெத்தேன் ஆட்சி அந்தச் சிவப்பைத் தள்ளி வெள்ளை மியூகேவைக் கொண்டுவந்தது. இன்று காலை ஊர்வலத்தில் போன தொழிற்சங்கத்துக்காரர்கள் சட்டையிலும் மியூகேதான் இருந்தது. என் தண்டை அக்கா மகள் தலைமுடியில் செருகிக்கொண்டாள்.

பிறகு துரோல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி நடந்தோம். செங்குத்தான பாறை இடுக்கில் ஆறு இரைந்து விழுகிறது. ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் ஒரு பாழடைந்த ஆலை. ஒன்றின் பெயர் 'நரகப் பொந்து'. இப்போது அங்கே ஓவியக் காட்சி நடத்துகிறார்கள். சாவித்துவாரம் போல இருந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். இரும்பும் இல்லை, சாணைக்கல்லும் இல்லை, நிலக்கரியும் இல்லாத ஊர் நூற்றாண்டுகளாகப் பிரான்ஸுக்குக் கத்தி கொடுத்தது இந்தத் தண்ணீரின் வேகத்தை நம்பித்தான்.

மே 2, வெள்ளி. தியேர்

கத்தி அருங்காட்சியகம் ஊர்ப் பழைய தெருவில். பிரான்ஸில் செய்யும் கத்திகளில் பெரும்பகுதி இன்றும் இந்த ஊருடையது. ஒரு கத்திக்கு ஒரு முழு ஆள் என்று இங்கே இருந்ததில்லை. அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், மெருகிடுபவர் ஒருவர், கொம்பில் பிடி செய்பவர் ஒருவர், பொருத்துபவர் வேறொருவர். பெரும்பாலும் வீட்டுத் திண்ணை வேலை, கழுதையோ தள்ளுவண்டியோ வீடு வீடாகச் சரக்கைச் சுமந்தது.

தீட்டுபவர்கள் படம் முன்னால் நாங்கள் இருவரும் பேசாமல் நின்றோம். பலகையில் குப்புறப் படுத்த வரிசை. முகத்துக்குக் கீழே சுழலும் ஈரக்கல், அதற்குக் கீழே ஓடும் ஆறு. படுத்தால் உடம்பின் பாரம் முழுவதும் கையில் இறங்கும், குனிந்து குனிந்து இடுப்பு ஒடியாது. ஆனால் பள்ளத்தாக்கின் ஈரக்குளிர் எலும்பில் ஏறும். அதனால் நாய்களைக் காலின்மேல் படுக்கப் பழக்கியிருந்தார்கள். படத்திலும் இருக்கிறது: ஒவ்வொருவர் கால்மேலும் ஒரு நாய், சுருண்டு. கல்லிலிருந்து தெறிக்கும் மஞ்சள் சேறு வயிற்றில் படிய, இவர்களுக்கு 'மஞ்சள் வயிறு' என்று பெயர். எப்போதாவது கல் வெடிக்கும். வெடித்தால் முகத்துக்கு நேராக.

அடுத்த அறையில் பட்டறை முதலாளிகளின் முத்திரைகள்: நட்சத்திரம், கிரீடம், இலை. பதிவு செய்து, ஒருவருடையதை மற்றவர் அடித்தால் தண்டனை. அந்த முத்திரை இன்றும் அலகில் ஏறுகிறது. படுத்துத் தீட்டியவருக்கு முத்திரை கிடையாது.

மெருகு பட்டறையில் ஓய்வு பெற்ற ஒருவர் வந்து விளக்கினார். அவர் தாத்தா மஞ்சள் வயிற்றுக்காரர். நாயின் பெயர் கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லை என்று சொல்லி யோசித்தார். "தாத்தா அதை 'சின்னம்மா' என்றுதான் கூப்பிடுவார்" என்றார். பாட்டியைவிட அதற்குத்தான் முதல் சோறாம்.

அவருடைய கடையிலேயே ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன், 58 யூரோ, ஆலிவ் மரப்பிடி. அக்கா மகளுக்குப் பரிசு. கொடுக்கப் போனதும் அவர் இரண்டு கையையும் குறுக்கே நீட்டித் தடுத்தார். கத்தியைச் சும்மா கொடுத்தால் உறவை வெட்டிவிடும்; வாங்குகிறவர் ஒரு காசாவது கொடுத்தாக வேண்டும். அவள் ஐந்து சென்ட் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைச் சரிபார்த்துத் தலையாட்டிய பிறகே பெட்டியை விட்டார்.

மாலை கோட்டைச் சுவரோரம் ரொட்டியும் ஃபூர்ம் தாம்பேர் பாலாடைக்கட்டியும் வாங்கி உட்கார்ந்தோம். கீழே சமவெளி, எதிரே எரிமலைத் தொடர். பக்கத்தில் கான்தால் கட்டித் துண்டோடு ஒரு குடும்பம். அவள் புதுக் கத்தியைத் திறந்து எங்கள் ஆப்பு வடிவத் துண்டின் கூர்முனையை நறுக்கப் போனாள். அந்தக் குடும்பத்து அம்மா "ஓ, லா லா, மூக்கை வெட்டாதே!" என்று பதறி எழுந்துவிட்டார். நடுப்பகுதி நன்றாகப் பழுத்தது, ஓரத்தில் தோல் அதிகம். முனையை ஒருவரே எடுத்தால் மற்றவர்களுக்கு நல்லது போய்விடும். முனையிலிருந்து விளிம்புவரை நீளவாக்கில் வெட்டினால் எல்லாருக்கும் நடுவும் கிடைக்கும், ஓரமும் கிடைக்கும். அவரே கத்தியை வாங்கி இரண்டு துண்டு வெட்டிக் காட்டினார், மூன்றாவதை அவளிடம் விட்டார். அது கோணலாக வந்தது. "பரவாயில்லை, நாளைக்கு நேராகும்" என்று சொல்லி, தங்கள் கான்தாலிலிருந்தும் ஒரு பாளம் எங்கள் ரொட்டிமேல் வைத்தார். நாளைக் காலை 8.40-க்கு ரயில். கத்தி பெரிய பெட்டிக்குள் போக வேண்டும், டம்ளர்களைக் கைத்துண்டில் சுற்றியாகிவிட்டது.